உங்கள் மாலுமி வீடு சேர்ந்தாரா?

நுவேவா வலென்சியா, கிமாராஸ் தீவு
அக்டோபர் 12

மாலுமிகள் பிரிவு, ஐந்தாம் மாடி, கலாவ் அவென்யூ, மணிலா.

இதைப் பிரிக்கிறவர் யாரோ அவருக்கு,

நான் டெல்மா பால்மெஹார். உங்கள் கம்பெனி பார்த்துக்கொள்ளும் 'செலாடா கிரேஸ்' கப்பலின் போசன் ரெனான்ட்டே பால்மெஹாரின் மனைவி. மேல்தளத்து ஆட்களுக்கெல்லாம் மேஸ்திரியாக இருந்தாரே, அவர்தான். ஆயிரம் பேர் உங்களிடம். யாரென்று தேட வேண்டியிருக்குமே என்று சொல்கிறேன்.

நாலாம் தேதி கேப்டன் போன் செய்தார். முந்தின நாள் காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு முன்தளத்துக்குப் போனவர் பத்து மணி காபிக்கு வரவில்லை, கப்பலைத் திருப்பிக்கொண்டு போய் இரண்டு நாள் தேடப்போகிறோம் என்றார். இரண்டு நாள் கழித்து மறுபடி பேசினார். தேடுவதை நிறுத்திவிட்டார்கள். கேப்டன் அழுதார். நான் நம்பினேன். நம்பி, என் மகள் கிம்மிடமும் சொன்னேன். அவளுக்கு ஒன்பது வயது.

எட்டாம் தேதி உங்கள் செயலியில் மெசேஜ் வருகிறது. பலூன் பறக்கிறது. "மகிழ்ச்சியான செய்தி! உங்கள் மாலுமி சிங்கப்பூரில் இறங்கிவிட்டார். பத்தாம் தேதி இலோய்லோ வந்து சேருவார்." முதலில் படித்தது கிம்.

பத்தாம் தேதி இலோய்லோ விமான நிலையத்தில் மூன்று விமானம் பார்த்தோம். கிம் அட்டையில் 'அப்பா' என்று எழுதி, ஓரத்தில் நட்சத்திரம் ஒட்டிப் பிடித்துக்கொண்டிருந்தாள். காவலாளி கேட்டார், "யாருக்காகம்மா நிக்கிறீங்க?" கிம் சொன்னாள், "எங்கப்பாவுக்கு. கடைசியாதான் வருவாரு. எல்லாரையும் முன்னாடி விட்டுட்டுதான் வருவாரு, அவரு அப்பிடித்தான்." மூன்றாவது விமானத்தில் கடைசியாக இறங்கியது சக்கர நாற்காலியில் ஒரு பாட்டியம்மா.

நேற்றிலிருந்து காலையானால் உங்கள் செயலி கேட்கிறது: "உங்கள் மாலுமி வீடு சேர்ந்தாரா?" கீழே இரண்டு பொத்தான். ஆம். இல்லை.

எனக்கு ஒன்று தெரிய வேண்டும். அவர் இறங்கினார் என்று எழுதிய கை யாருடையது? போன் செய்யாதீர்கள், எடுக்க மாட்டேன். எங்கள் பக்கத்துப் பேச்சு இழுவை, நாங்கள் திட்டினாலும் தாலாட்டு மாதிரி இருக்கிறது என்று மணிலாவில் சிரிப்பீர்கள். அதனால் எழுத்தில் திட்டுகிறேன். எழுத்திலேயே பதில் சொல்லுங்கள்.

டெல்மா பால்மெஹார்

*

மணிலா
அக்டோபர் 15

மதிப்பிற்குரிய திருமதி பால்மெஹார்,

தங்கள் கடிதம் பெறப்பட்டது. தங்கள் உணர்வுகளை மதிக்கிறோம்.

மேடம், மேனேஜர் கொடுத்த மாதிரிக் கடிதம் இத்தோடு முடிந்தது. இனி நானாக எழுதுகிறேன்.

அந்தக் கை என்னுடையது.

என் பெயர் ஷைரா டிமாயுகா. இருபத்து நாலு வயது. இந்த வேலைக்கு வந்து பதினாலு மாதம். சின்ன வயதிலிருந்தே எனக்குக் கப்பல் என்றால் பைத்தியம். என் போனில் முந்நூற்றுப் பன்னிரண்டு கப்பல் படம் இருக்கிறது! ஒன்றில்கூட ஏறியதில்லை. கப்பல் யாரோ ஒருவருடையது, சரக்கு வேறு யாருடையதோ, நடுவில் ஆள் ஏற்றுவது, இறக்குவது, பழுது பார்ப்பது, அரிசி பருப்பு வாங்குவது எல்லாம் நாங்கள். எங்கேயோ நடுக்கடலில் இருக்கிற ஒருவர் என் மேசையிலிருந்து வீட்டுக்குப் போகிறார் என்பதில் எனக்கு அவ்வளவு பெருமை. அந்தப் பெருமைதான் உங்களுக்கு இதைச் செய்தது.

நடந்தது இது. ஏழாம் தேதி கப்பல் சிங்கப்பூர் வந்தது. போசன் இல்லாமல் கிளம்பக் கூடாது. புது போசனை ஏற்ற வேண்டுமென்றால் கம்ப்யூட்டரில் பழையவரை இறக்க வேண்டும். இறக்கக் காரணம் கேட்கும். 'காணாமல் போனவர்' என்று போட்டால் விசாரணை அறிக்கை கேட்கும், நாலு கையெழுத்து கேட்கும், பத்து நாளாகும். மேனேஜர் ஜோவென் சார் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார்.

"ஷை, கப்பல் நாளைக்குக் கிளம்பணும். 'ஒப்பந்தம் முடிந்தது'ன்னு போடு."

"சார், அவரு... இறங்கலையே சார்."

"பேப்பர்லதான இறக்கச் சொல்றேன்? ஆளையா இறக்கச் சொன்னேன்? போடு, அப்புறம் மாத்திக்கலாம்."

இறங்கிய துறைமுகம் எது என்று கேட்டது. காலியாக விட்டால் அடுத்த பக்கத்துக்குப் போகாது. சிங்கப்பூர் என்று அடித்தேன்.

மீதியை அதுவே பார்த்துக்கொண்டது. படகு, ஹோட்டல், விமானம், மணிலாவில் வேன், கடைசியில் உங்களுக்குப் பலூன். எல்லாம் ஒரே அழுத்தில். பலூன் போகும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அது போனது உங்கள் கடிதம் வந்த பிறகுதான் எனக்குத் தெரியும்.

எப்படி மன்னிப்புக் கேட்பது என்று தெரியவில்லை. மாற்றிவிடுகிறேன். சத்தியமாக.

ஷைரா

*

நுவேவா வலென்சியா
அக்டோபர் 18

மிஸ் ஷைரா,

உண்மையைச் சொன்னதற்கு நன்றி. சொல்லிவிட்டதால் எனக்குக் கோபம் குறைந்திருக்கும் என்று நினைக்காதீர்கள்.

இங்கே என்ன நடக்கிறதென்றால், ஊரில் பாதிப் பேர் துக்கம் கேட்க வருகிறார்கள், பாதிப் பேர் எப்போது வருகிறார் என்று கேட்க வருகிறார்கள். பலூன் மெசேஜைக் கிம் பள்ளிக்கூடம் முழுக்கக் காட்டியிருக்கிறாள். பாதிரியார் கேட்டார், "டெல்மா, ஒண்ணாம் தேதி கல்லறைத் தோட்டத்துப் பூசையில ரெனான்ட்டே பேரை வாசிக்கவா, வேண்டாமா?" இறந்தவர் பட்டியலில் வாசிப்பதா, பயணத்தில் இருப்பவர் பட்டியலில் வாசிப்பதா என்று அவருக்கும் தெரியவில்லை.

கிம் சொல்கிறாள்: "அப்பா வழியில இருக்காரும்மா. கம்பெனியே எழுதியிருக்கு. கம்பெனி பொய் சொல்லுமா?"

எனக்கு ஒரு உதவி செய்யுங்கள். நீங்கள் அனுப்பி வைத்த அந்தப் பயணத்தின் காகிதம் எல்லாவற்றையும் எனக்கு அனுப்புங்கள். எந்தப் படகு, எந்த ஹோட்டல், எந்த வேன். ஒரு பொய் எவ்வளவு தூரம் தனியாக நடந்து போயிருக்கிறது என்று நான் பார்க்க வேண்டும். எங்கே நின்றதோ அந்த இடத்தைக் கிம்மிடம் காட்டி, இதோ பார், இதற்கு மேல் யாரும் வரவில்லை என்று சொல்ல வேண்டும்.

டெல்மா

*

மணிலா
அக்டோபர் 21

மேடம்,

காகிதங்களை இதோடு வைத்திருக்கிறேன். முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், இந்தத் தொழிலில் எல்லோரும் எல்லாவற்றுக்கும் 'முடிந்தது' என்று போட்டுவிடுவார்கள். ஆள் வந்தாலும் போடுவார்கள், வராவிட்டாலும் போடுவார்கள். அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள். நானும் அதை மனதில் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன், இல்லாவிட்டால் எழுத முடியாது.

படகுச் சீட்டு. 'கப்பலில் ஏறியவர் ஒருவர், இறங்கியவர் ஒருவர்.' ஏறியது புது போசன். இறங்கியவர் என்ற இடத்தில் உங்கள் கணவர் பெயர். சீட்டை முன்கூட்டியே எழுதி வைத்துவிடுவார்கள் என்று எங்கள் சிங்கப்பூர் முகவர் சொன்னார். சரிதானே? சரிதான்.

ஹோட்டல். ஒரு இரவு. 'தங்கினார்.' இதையும் நான் நம்பவில்லை. ஆனால் கூடவே ஒரு புகார்க் கடிதம் வந்திருக்கிறது, மேடம். இதை அனுப்பலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். "தங்கள் விருந்தினர் பால்கனிக் கம்பியின் பெயின்ட்டைச் சுரண்டி வெறும் இரும்பாக்கிவிட்டார். தரையெல்லாம் துருத் தூள். இனி இப்படிப்பட்டவர்களை அனுப்ப வேண்டாம்." நான் போன் செய்தேன். அங்கே இருந்த பெண் சொன்னாள், "ரொம்ப அமைதியான மனுஷன்தான். ஏசி வேணாம்னாரு. ஆனா டக்கு டக்குன்னு ஒரே சத்தம், பக்கத்து ரூம்காரங்க சண்டைக்கு வந்துட்டாங்க."

வேறு அறையோடு குழப்பிக்கொண்டிருப்பாள். வேறு மாலுமியாக இருக்கும். அந்த ஹோட்டலில் பாதிப் பேர் மாலுமிகள்.

விமானம். இங்கேதான் எனக்கு உயிர் வந்தது! 'பயணி வரவில்லை.' பச்சையாக எழுதியிருக்கிறார்கள். நான் அன்றைக்குக் கீழே கடைக்குப் போய் இரண்டு கிண்ணம் கஞ்சி குடித்தேன், அவ்வளவு நிம்மதி. இந்த இடத்தில் பொய் நின்றுவிட்டது, இதைக் கிம்மிடம் காட்டலாம் என்று எழுத உட்கார்ந்தேன்.

அப்போது வேன் டிரைவர் சிமியோன் வந்தார். பயணச் சீட்டுகளைக் கொடுக்க வாராவாரம் வருவார். உங்கள் கணவர் பெயரில் ஒரு சீட்டு, கையெழுத்தோடு.

"மாமா, இது நீங்களே போட்டுக்கிட்ட கையெழுத்துதானே?"

"எல்லாத்துக்கும் நான்தான் போடுவேன். இதுக்கு மட்டும் அவரே போட்டாரு."

"யாரு?"

"போசன்தாம்மா. பேர் அட்டையத் தூக்கிப் பிடிச்சேன், வந்து நின்னாரு. கை பூரா துரு. உக்காந்த எடம் பூரா ஈரம். நான் என்ன, கேள்வியா கேப்பேன்? உள்நாட்டு விமானத்துக்குப் போகலாமான்னேன், வேணாம், துறைமுகத்துல இறக்கிடு, கப்பல்லயே போயிக்கிறேன்னாரு. நார்த் ஹார்பர்ல இறக்கினேன். என் வேன யாரு கழுவுறது?"

அட்டையைப் பார்த்து எவனோ ஓசியில் ஏறியிருப்பான். மணிலாவில் அதெல்லாம் நடக்கும். நடக்கும் இல்லையா, மேடம்?

ஷைரா

*

நுவேவா வலென்சியா
அக்டோபர் 24

இன்டாய் ஷைரா,

தங்கச்சி என்று கூப்பிடுகிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதே. மிஸ் என்று எழுதிக்கொண்டிருக்க எனக்குத் தெம்பில்லை.

உனக்குத் தெரியாத ஒன்று. கம்பெனி விமானச் சீட்டுக் கொடுத்தாலும் ரெனான்ட்டே ஒரு தடவைகூட மணிலாவிலிருந்து பறந்து வந்ததில்லை. நார்த் ஹார்பருக்குப் போய்ப் பயணிகள் கப்பலில்தான் வருவார். "ஒரு நாளாவது சும்மா கைய கட்டிக்கிட்டு கப்பல்ல உக்காந்து வரணும்டி" என்பார். கம்பெனிக்குத் தெரிந்தால் பிரச்சனை என்று யாருக்கும் சொல்ல மாட்டார். எனக்கும் அவருக்கும் மட்டும் தெரிந்த விஷயம். கிம்முக்குக்கூடத் தெரியாது.

உன் சிமியோன் மாமாவுக்கு அதை யார் சொன்னது?

இன்னொன்று. எழுதக் கூச்சமாக இருக்கிறது. எங்கள் வீட்டு வாசலில் இரும்புக் கேட் உண்டு. பதினோரு கம்பி. கடல் காற்றில் துருப்பிடித்துக் கிடக்கிறது. ஒவ்வொரு விடுமுறையிலும் அவர் சுத்தியலை எடுத்துத் துருவைத் தட்டிப் பெயின்ட் அடிப்பார். இந்த வருஷம் யாரும் தொடவில்லை. போன செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி இருக்கும், நான் துணி துவைத்துக்கொண்டிருக்கிறேன். டக். டக். டக். எதிர்வீட்டில் ஏதோ வேலை என்று நினைத்தேன். பிறகு தெருவுக்குப் போய்ப் பார்த்தால் இடது ஓரத்து முதல் கம்பி வெறும் இரும்பாகப் பளபளக்கிறது. கீழே துருத் தூள் குவிந்திருக்கிறது. உன் ஹோட்டல் கடிதம் அப்போது என் கைக்கு வரவில்லை.

மறுநாள் இரண்டாவது கம்பி. இன்று மூன்று.

கிம்மைச் சந்தேகப்பட்டேன். சுத்தியலை எடுத்து ஒளித்து வைத்தேன், அவள் பள்ளிக்கூடம் போயிருந்தபோதும் சத்தம் கேட்டது. எதிர்வீட்டுக்காரி மதிலுக்கு மேலே எட்டிப்பார்த்துக் கேட்கிறாள், "என்னடி, மாப்பிள்ளை வந்த அன்னிக்கே வேலைக்கு வச்சிட்டியா? ஒரு காபியாவது குடுத்தியா?"

நீ மாற்றுகிறேன் என்றாயே, மாற்றிவிட்டாயா? இன்னும் இல்லை என்றால் கொஞ்சம் பொறு. நான் என்ன கேட்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

டெல்மா

*

மணிலா
அக்டோபர் 27

மனாங் டெல்மா,

நீங்கள் தங்கச்சி என்றதால் நானும் அக்கா என்றே கூப்பிடுகிறேன். உங்கள் கடிதத்தை ஆஃபீஸ் கழிப்பறையில் உட்கார்ந்து படித்தேன். வெளியே யாரோ டக் டக் என்று கதவைத் தட்டினார்கள், கத்திவிட்டேன். கணக்குப் பிரிவு அக்கா பயந்து ஓடிவிட்டார். பாவம், அவருக்கு அவசரம்.

மாற்றவில்லை, மனாங். மாற்ற முடியவில்லை. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். தயவுசெய்து இரண்டு தடவை படியுங்கள்.

உங்கள் கணவர் பெயரைத் திறந்தால் 'பயணத்தில்' என்று காட்டுகிறது. பயணம் முடியாமல் எதையும் திருத்த விடாது. பயணத்தை முடிப்பது நானில்லை, நீங்கள். வீடு சேர்ந்தாரா என்று தினமும் கேட்கிறதே, அந்தக் கேள்விதான். 'இல்லை' என்று அழுத்தினால் ஆள் வந்து சேரவில்லை என்று பெரிய மேலிடம் வரைக்கும் தானாகவே போகும், அவர் காணாமல் போனவர் ஆவார், விசாரணை வரும். 'ஆம்' என்றால் நல்லபடியாக வீடு சேர்ந்தார், கதை முடிந்தது.

எதையும் அழுத்தாவிட்டால்? இதுதான் கொடுமை. இதைச் செய்தவர்கள் நல்ல எண்ணத்தில்தான் செய்திருக்கிறார்கள். ஆள் வீட்டுக்கு வந்த சந்தோஷத்தில் எந்தக் குடும்பமும் பதில் போடுவதில்லையாம். அதனால் இருபத்தொரு நாள் பதில் இல்லை என்றால் வந்துவிட்டார் என்று அதுவே எடுத்துக்கொள்ளும். உங்களுக்கு அது நவம்பர் ஒன்று, பகல் பன்னிரண்டு மணி.

ஜோவென் சார் நேற்றுக் கேட்டார், "அந்தம்மா இன்னும் அழுத்தலையா?"

"இல்ல சார்."

"நல்லது. நீயும் ஞாபகப்படுத்தாத. அது பாட்டுக்கு மூடிக்கட்டும்."

"சார், அவரு வீட்டுக்குப் போகலையே..."

"கப்பல்ல இல்ல. ஹோட்டல்ல தங்கியிருக்கான், வேன்ல ஏறியிருக்கான், கையெழுத்து இருக்கு. அதுக்கப்புறம் அவன் எங்க போனா நமக்கென்ன?"

அவர் ஏன் இப்படிச் சொல்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. நாலாம் மாடியில் பழுதுபார்ப்புப் பிரிவில் என் தோழி இருக்கிறாள். அவளிடம் கெஞ்சிக் கப்பலின் கோப்பைப் பார்த்தேன். மூன்று காகிதம். மூன்றும் உங்கள் கணவர் எழுதியது. பிப்ரவரி, மே, ஆகஸ்ட். "முன்தளத்து இடதுபக்கக் கைப்பிடிக் கம்பி அடியில் துருவேறி ஆடுகிறது. சுரண்டிப் பார்த்துவிட்டேன், உள்ளே இரும்பே இல்லை. வெல்டிங் வேண்டும். ஆள் விழுவான்." மூன்றிலும் ஒரே முத்திரை: 'அடுத்த உலர்துறை வரை ஒத்திவைக்கப்பட்டது.' அதாவது, என்றைக்காவது கப்பலைத் தண்ணீரிலிருந்து எடுத்துப் பழுது பார்க்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று. ஆகஸ்ட் காகிதத்தில் ஜோவென் சாரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

நகல் எடுத்து இதோடு வைத்திருக்கிறேன். இது தெரிந்தால் என் வேலை போகும். பரவாயில்லை.

மனாங், கேட்டில் என்ன சத்தம் கேட்டாலும் சரி, 'ஆம்' அழுத்தாதீர்கள். சும்மாவும் இருக்காதீர்கள். 'இல்லை' என்று அழுத்துங்கள். அவர் காணாமல் போனதாக இந்த உலகத்தில் சொல்லப்போகிற ஒரே ஆள் நீங்கள்தான்.

ஷைரா

*

நுவேவா வலென்சியா
அக்டோபர் 29

இன்டாய்,

காகிதம் பார்த்தேன். அவர் கையெழுத்துதான். 'ஆள் விழுவான்' என்பதில் கடைசி எழுத்தை அழுத்திப் போட்டிருக்கிறார், கோபம் வந்தால் அப்படித்தான் எழுதுவார்.

எட்டுக் கம்பி முடிந்துவிட்டது.

நீ சொல்வதெல்லாம் நியாயம். ஆனால் நீ என்னைச் செய்யச் சொல்வது என்ன என்று யோசித்துப் பார். கடலில் விழுந்த மனுஷன் எப்படியோ படகு, ஹோட்டல், வேன், கப்பல் என்று ஒவ்வொன்றாகப் பிடித்து வாசல் வரை வந்திருக்கிறார். நான் போனைக் கையில் எடுத்து, அவர் காதில் விழுகிற தூரத்தில் உட்கார்ந்துகொண்டு, அவர் வரவில்லை என்று கம்பெனிக்குச் சொல்ல வேண்டும். பதினோரு வருஷக் கல்யாணத்தில் நான் அவரை வாசலில் நிற்க வைத்ததில்லை.

நேற்றுக் கிம் கேட்டாள், "அம்மா, ஆம்னு போட்டா அப்பா உள்ள வந்துடுவாரா?" போனை அவள் எங்கேயோ ஒளித்து வைத்துவிட்டாள். நான் தேடவில்லை.

என்னை விட்டுவிடு. சும்மா இருந்தால் தானாக ஆம் ஆகிவிடும் என்றாயே. சும்மா இருக்க மட்டும்தான் என்னால் முடியும்.

டெல்மா

*

மணிலா
அக்டோபர் 30

மனாங்,

விரைவுத் தபாலில் அனுப்புகிறேன், நாளைக்குள் வந்துவிடும் என்று கவுன்டர் பையன் சத்தியம் செய்திருக்கிறான்.

நான் இன்று காலையோடு வேலையில் இல்லை. நகல் இயந்திரம் யார் எத்தனை மணிக்கு எதை நகல் எடுத்தார்கள் என்று ஞாபகம் வைத்திருக்குமாம். எனக்கு எப்போதும் இயந்திரங்கள்தான் எதிரி. ஜோவென் சார் என் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு, "கப்பல் படம் பாக்குற பொண்ணுக்கெல்லாம் இந்த வேலை ஆகாது" என்றார். கீழே வந்து, போனிலிருந்து முந்நூற்றுப் பன்னிரண்டையும் அழிக்கலாமா என்று யோசித்தேன். அழிக்கவில்லை.

உங்களிடம் மறுபடி கேட்க எனக்கு வாய் இல்லை. நான் போட்ட முடிச்சு, நீங்கள் ஏன் அவிழ்க்க வேண்டும்? ஆனால் ஒன்று தெரிவிக்காமல் இருக்க முடியாது.

அட்டையைக் கொடுப்பதற்கு முன்னால் கடைசியாக வந்த மெயில் 'செலாடா கிரேஸி'லிருந்து. உங்கள் கணவர் இடத்துக்கு நான் ஏற்றிவிட்ட புது போசன். பெயர் ஜெர்விக், அந்திக்கே மாகாணத்துக்காரர், முப்பத்தொரு வயது. ஆகஸ்டில்தான் பெண் குழந்தை பிறந்தது. எழுதியிருந்தார்: "முன்தளத்து இடதுபக்கக் கம்பி போன இடத்தில் கயிறு கட்டி வைத்திருக்கிறோம். நங்கூரம் போடும்போது அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறேன். வெல்டிங் வேண்டும்."

பழுதுபார்ப்புப் பிரிவு முத்திரை குத்திவிட்டது. என்ன முத்திரை என்று உங்களுக்குத் தெரியும்.

ஷைரா

*

நுவேவா வலென்சியா
நவம்பர் 2

இன்டாய் ஷைரா,

நேற்றுக் காலை கல்லறைத் தோட்டத்துக்கு ஊரே போனது. நாங்கள் போகவில்லை. கறி சமைத்தேன். பன்றி, பலாப்பிஞ்சு, துவரை, அவருக்குப் பிடித்த புளிப்போடு. கிம் மேசையில் மூன்று தட்டு வைத்தாள். நான் எடுக்கச் சொல்லவில்லை.

பதினொன்றரை மணி இருக்கும். டக் டக் என்று பதினோராவது கம்பி நடந்துகொண்டிருந்தது. அதுவரை சத்தம் கேட்கும்போது நான் ஒருநாளும் அருகில் போனதில்லை, நின்றபிறகுதான் போவேன். நேற்று உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு போனேன். யாரும் இல்லை. கம்பியிலிருந்து துரு மட்டும் செதில் செதிலாக உதிர்ந்துகொண்டிருந்தது. அப்போதுதான் பார்த்தேன், இன்டாய். பத்துக் கம்பியிலும் தெருப் பக்கம்தான் சுரண்டியிருக்கிறது. வீட்டுப் பக்கம் அப்படியே துரு. கொக்கி போடாத கேட். ஒரு தள்ளுத் தள்ளினால் திறக்கும். வந்த நாளிலிருந்து ஒருமுறைகூட அவர் தள்ளவில்லை.

எனக்கு அந்த மனுஷனைத் தெரியும். வீட்டுக்கு வந்தால் பெட்டியைக்கூடக் கீழே வைக்காமல் நேராக அடுப்படிக்கு வந்து சட்டி மூடியைத் திறப்பார். இவர் வீட்டுக்கு வரவில்லை. இவர் இன்னும் வேலையில் இருக்கிறார். பிப்ரவரியில் சொன்னார், மேயில் சொன்னார், ஆகஸ்டில் சொன்னார், யாரும் காதில் வாங்கவில்லை. அதை நாலாவது தடவையாக என்னிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார். நான்தான் புருஷன் வந்துவிட்டார் என்று கறி சமைத்துக்கொண்டிருக்கிறேன்.

"நான் சாப்பிட்டுட்டு செஞ்சிடறேன்" என்றேன் கேட்டைப் பார்த்து. சத்தம் நிற்கவில்லை. "சரி, இப்பவே செஞ்சிடறேன்" என்றேன்.

உள்ளே வந்து மேசையில் உட்கார்ந்தோம். கிம் சாதம் போட்டாள், மூன்று தட்டிலும்.

"கிம், போனக் குடு."

"ஆம்தானே போடப்போற?"

"இல்ல."

அவள் அழவில்லை. என்னை முறைத்தாள். "அப்பா வெளிய நிக்கிறாரும்மா."

"தெரியும். நீ கூப்பிட்டுப் பாத்தியா?"

"தினமும்தான் கூப்பிடறேன். வேல இருக்கு, முடிச்சிட்டு வர்றேங்கிறாரு."

"அப்பிடிச் சொன்னாரா?"

"வாயால சொல்லல. தட்டிக்கிட்டே இருக்காரு. அப்பிடின்னா அதான அர்த்தம்?"

நான் ஜெர்விக்கைப் பற்றிச் சொன்னேன். அந்திக்கேயில் ஒரு பாப்பா இருக்கிறாள், மூன்று மாதம்கூட ஆகவில்லை, அவளுடைய அப்பா இப்போது நம் அப்பா நின்ற இடத்தில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார் என்று சொன்னேன். கம்பி இல்லையா என்று கேட்டாள். இல்லை என்றேன். கயிறு என்ன கயிறு என்று கேட்டாள். போசன் மகள் இல்லையா? தெரியாது என்றேன். கொஞ்ச நேரம் சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தாள். பிறகு எழுந்து போய், அரிசிப் பானைக்குள்ளிருந்து போனை எடுத்து வந்து, பாவாடையில் துடைத்து என் பக்கத்தில் வைத்தாள்.

பன்னிரண்டு ஆக ஒன்பது நிமிடம் இருந்தது. உங்கள் மாலுமி வீடு சேர்ந்தாரா?

இல்லை என்று அழுத்தினேன்.

பலூன் எதுவும் வரவில்லை. பதிவாகிவிட்டது என்று ஒரு வரி. அவ்வளவுதான். நான் அதையே பார்த்துக்கொண்டிருந்ததில் வெளியே சத்தம் நின்றதை உடனே கவனிக்கவில்லை. கிம்தான் கவனித்தாள். தலையைத் தூக்கி வாசலைப் பார்த்தாள். நான் எழுந்து போய்ப் பார்க்கவில்லை. போயிருந்தால் கேட்டுக்கு வெளியே ஓடியிருப்பேன்.

சாப்பாட்டின் நடுவில் யாராவது எழுந்து கிளம்பினால், போகிறவர் பத்திரமாகப் போய்ச் சேரட்டும் என்று உட்கார்ந்திருப்பவர்கள் தங்கள் தட்டைத் திருப்பி வைப்போமே, உங்கள் பக்கமும் உண்டுதானே? கிம் தன் தட்டை இரண்டு கையாலும் பிடித்து, சாதம் சிந்தாமல், மெதுவாக ஒரு சுற்றுத் திருப்பி வைத்தாள். பிறகு எட்டி என்னுடையதையும் திருப்பினாள்.

மூன்றாவது தட்டை அவள் தொடவில்லை.

டெல்மா